இந்த ‘ம்ம்ம்’ ஆருடையது?

இந்தச் சத்தம் எல்லாருக்கும் பழக்கம்தான். கோயில் திருவிழாவிலயோ பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவிலயோ, அறிவிப்பாளர் “ஹலோ, ஹலோ, மைக் ரெஸ்ரிங்” சொல்வதற்குக் கொஞ்சம் முன்னம் ஸ்பீக்கருக்குள் இருந்து “ம்ம்ம்ம்” என்று ஒன்று வருமே, அது. பேச்சுத் தொடங்கினதும் காது அதை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்துவிடும். பேச்சு நின்றால் திரும்ப வந்து நிற்கும். நாங்கள் நாலு பேரும் கலைப்பீடம். உயிர்க்கம்பி, நொதுமல் கம்பி, புவிக்கம்பி எல்லாவற்றுக்கும் ஓ.எல். விஞ்ஞானப் பேப்பரோடு கும்பிடு போட்டவர்கள். இந்த “ம்ம்ம்” பற்றி இரண்டு மாதம் தலையைப் பிய்க்க வேண்டி வரும் என்று ஆரும் அப்ப சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

எங்களில் ஒருத்தியின் அம்மப்பா வடமராட்சியில் வாத்தியாராக இருந்தவர். 1990களின் தொடக்கத்தில் ஊரில் இருந்த வயசான பெண்களிடம் போய் இருந்து, ஒப்பாரி, தாலாட்டு, அருவி வெட்டுப் பாட்டு என்று கேட்டுக் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறார். மொத்தம் 14 கசற். ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் பழைய துணி சுற்றிக் கிடந்தன. அவரும் இப்ப இல்லை, பாடின ஆச்சிமாரிலும் ஒருவரும் இல்லை. நாட்டார் வழக்காற்றியல் பாடத்துக்குக் கள ஆய்வு செய்ய வேணும் என்று வந்தபோது, “களம் எங்கட வீட்டு அலுமாரிக்கு மேல கிடக்கு, வாங்கோ” என்றாள் அவள். அப்படித்தான் தொடங்கினது.

கசற்றை டிஜிட்டலுக்கு மாற்றுவது என்றால் பெரிய வேலை இல்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஒரு கசற் டெக், ஒரு வயர், ஒரு லப்டொப். ஆனால் 30 வருசம் பழசான ரேப்பை நினைத்த நினைத்தபடி ஓட்டிப் பார்க்க ஏலாது. ரேப்பின் மேல் பூசியிருக்கிற காந்தத் தூள் ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். இரண்டு கசற்றில் ரேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற அந்தச் சின்ன கம்பளித் துண்டு கழன்று போயிருந்தது. ஒன்று தொட்டாலே ஒட்டுகிற பதத்தில் இருந்தது. சிலதை ஒருதரம் ஓட்டலாம், இரண்டாம் தரம் ஓடுமா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதனால் எல்லாம் சரியாக வரும்வரைக்கும் ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கசற்றை வைத்துத்தான் பரிசோதிப்பது என்று முடிவெடுத்தோம்.

பீடத்தில் ஒரு அறை தந்தார்கள். மூலையில் ஒரு பழைய மிக்சர். டெக்கிலிருந்து மிக்சருக்கு ஒரு வயர், மிக்சரிலிருந்து லப்டொப்பில் கொழுவின யூ.எஸ்.பி. சவுண்ட் காட்டுக்கு இன்னொரு வயர். ஹெட்ஃபோனைக் காதில் போட்டால்: ம்ம்ம்ம். அதற்கு மேலே மெல்லிய “ர்ர்ர்” வேறு. எங்களில் சங்கீதம் படிக்கிறவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இது அஞ்சு கட்டைக்குக் கொஞ்சம் மேல. சுருதிப்பெட்டி மாதிரி நிக்குது” என்றாள். அவள் சொன்னது சரி. இலங்கையில் வீட்டுக்கு வாற கரண்டின் மீடிறன் 50 ஹேர்ட்ஸ். அஞ்சு கட்டை, அதாவது கீபோட்டில் ‘ஜி’, ஆகக் கீழ்க் கட்டத்தில் 49 ஹேர்ட்ஸ். ஸ்பீக்கருக்குள் முனகிக்கொண்டிருப்பது சுவருக்குள் ஓடுகிற அதே கரண்ட்தான்.

டெக்கை நிறுத்தினோம். ம்ம்ம் நிற்கவில்லை. கசற்றை வெளியே எடுத்தோம். அப்பவும் இருக்கு. அப்படியென்றால் அது ரேப்பில் இல்லை. எங்கள் அறையில்தான் எங்கேயோ இருக்கு.

உண்மையில் ரேப்பில் அது இருக்கவே ஏலாது என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கினபிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருசக்கணக்கில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையை எங்கட வீட்டுப் பெரியாக்கள் எத்தினை தரம் சொல்லியிருப்பினம். அம்மப்பா பாவிச்ச பற்றரியள், அம்மாவின் சொல்லில், “வெயில்ல காய வச்சு காய வச்சு உயிர் குடுத்த பற்றரி”. பற்றரி இறங்கினால் ரெக்கோடரின் மோட்டர் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றிப் பதிந்ததை இப்ப சரியான வேகத்தில் போட்டால் குரல் கூராக மேலே ஏறும். எங்கள் கசற்றுகளில் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் ஆச்சிமாரின் குரல் சின்னப் பிள்ளையளின் குரல் மாதிரி ஆகிக்கொண்டு போகும். அதுதான் காரணம். அந்தப் பதிவுகளில் நாய் குரைக்கும், துலா கிரீச்சிடும், ஒருத்தி மூக்கைச் சிந்துவாள். 50 ஹேர்ட்ஸ் மட்டும் இல்லை. கரண்டே இல்லாத ஊரில் பதிந்த சத்தத்துக்கு மேல் கரண்டின் சத்தத்தைப் பூசப்போவது நாங்கள்தான்.

“பதிஞ்சு வைப்பம், பிறகு சொஃப்ற்வெயரால எடுக்கலாம். இப்ப ஏ.ஐ. இருக்குத்தானே” என்ற யோசனை உடனே வந்தது. எல்லாரும் சொல்லுவது அதுதான். ஹம்மோடு பதிந்த சினிமாப் பாட்டிலும், வீட்டில் ஒரு ஆச்சியைப் போனில் பாடச்சொல்லிப் பதிந்த ஒப்பாரி ஒன்றில் ஹம்மைக் கலந்தும் முயற்சி செய்து பார்த்தோம். ம்ம்ம் போனது. ஆனால் இந்த ஹம் 50இல் மட்டும் நிற்பதில்லை. 100, 150, 200, 250 என்று படிப்படியாக ஏறிக்கொண்டு போகும். பெண் குரலின் அடித்தளம் ஏறத்தாழ 165இலிருந்து 255 ஹேர்ட்ஸ் வரைக்கும். 200ஐயும் 250ஐயும் வெட்டினால் குரலின் வயிற்றிலேயே கத்தி விழுகிறது. அதுகூடப் பரவாயில்லை. ஒப்பாரியில் ஒருத்தி அடி எடுத்துப் பாட, சுற்றி இருக்கிறவர்கள் அடி முடிகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டு “ம்ம்ம்” என்று இழுப்பார்கள். அந்த இழுவையில்தான் அடுத்த அடி வந்து ஏறும். சொஃப்ற்வெயருக்கு அது என்ன விளங்கும்? மாறாமல் தொடர்ந்து கேட்கிறதெல்லாம் அதுக்கு இரைச்சல்தான். சுவரின் ம்ம்ம்மையும் பெண்களின் ம்ம்ம்மையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருந்தது தனியொருத்தி வெறும் அறைக்குள் பாடுவது மாதிரி ஒன்று. ஒப்பாரியைத் தனியாக ஆர் பாடுவார்?

ஆகவே பிறகு எடுக்கிற கதை சரிவராது. ஏறுகிற இடத்திலேயே நிற்பாட்ட வேணும்.

அடுத்த யோசனை ஒரு அண்ணையிடமிருந்து வந்தது. கலியாண வீடுகளுக்குச் சவுண்ட் போடுகிறவர். “தம்பியவை, அந்த மிக்சர் பிளக்கில ஏர்த் கம்பியைக் கழட்டி விடுங்கோ. சத்தம் கப்பெண்டு நிக்கும்” என்றார். அவர் சொன்னது பொய் இல்லை. நிற்கும். அதுதான் பயமான விசயம். பலன் தராத பிழையான வைத்தியத்தை ஆரும் இரண்டாம் தரம் செய்ய மாட்டார்கள். பலன் தருவதுதான் ஊர் முழுக்கப் பரவும்.

மிக்சர் ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே ஒரு உயிர்க்கம்பி கழன்று பெட்டியில் முட்டினால், ஏர்த் இருக்கும்போது கரண்ட் அந்த வழியால் பாய்ந்து ஃபியூசை எரிக்கும், இல்லாவிட்டால் ட்ரிப் சுவிட்சை விழுத்தும். ஏர்த் இல்லாவிட்டால் பெட்டி 230 வோல்ற்றோடு அமைதியாக இருக்கும், ஆரும் தொடும்வரைக்கும். தொடுகிற ஆள்தான் பிறகு ஏர்த் கம்பி. அதோடு மிக்சரின் பெட்டி மைக் வயரின் சுற்றுக்கவசத்தோடு தொடுப்பு. அந்த வழியால் மைக்கைப் பிடித்தவரின் கைக்கும் போகலாம், டெக்குக்கும் லப்டொப்புக்கும் போகலாம். 1972இல் வேல்ஸ் நாட்டின் ஸ்வொன்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிற்றார் கலைஞர் ஏர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். எங்கட திருவிழாக்களில் ஈர மணலில் வெறுங்காலோடு நின்று மைக் பிடிக்கிற பிள்ளைகளை யோசித்துப் பாருங்கோ. ஒரு ம்ம்ம்முக்காகக் குடுக்கிற விலை இல்லை அது.

ஏர்த் என்றால் எங்கட ஊரில் ஏதோ மேலதிகமாக ஒட்டவைத்த உறுப்பு மாதிரி ஒரு எண்ணம் இருக்கு. சதுரப் பிளக்கின் மேல் ஓட்டைக்குள் பேனையையோ தீக்குச்சியையோ குத்தி, மூடியைத் திறந்து, இரண்டு கால் உருண்டைப் பிளக்கைச் செருகுவது எல்லா வீட்டிலும் நடக்கிற வித்தை. சின்ன வயசிலிருந்து நாங்கள் அந்த ஓட்டையை அறிந்தது பேனை குத்துகிற ஓட்டையாகத்தான்.

கடைசியில் தொழில்நுட்ப பீடத்தில் படிக்கிற நண்பன் ஒருத்தனைப் பிடித்தோம். அனுமதி வாங்கி ஆய்வுகூடத்து ஒஸிலோஸ்கோப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்ததும் அதன் கம்பியின் நுனியை எங்களிடம் தந்து, “சும்மா விரலால தொடு” என்றான். திரையில் ஒரு பெரிய அலை எழும்பியது. ஒரு அலைக்கு 20 மில்லிசெக்கன், அதாவது 50 ஹேர்ட்ஸ். ஒரு பிளக்கையும் தொடாமல், கதிரையில் சும்மா இருந்த எங்கள் உடம்பிலிருந்து. சுவருக்குள்ளும் கூரைக்குள்ளும் ஓடுகிற வயர்களின் மின்புலத்தை உடம்பு அன்ரெனா மாதிரி எந்த நேரமும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறதாம். நாலு பேரும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தோம். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டாள், அலை மாறினது. அரை மணித்தியாலம் அதிலேயே போனது, அதற்குக் கவலை இல்லை.

பிறகு அவன் ஸ்கோப்பை மிக்சரின் வெளிவாசலில் கொழுவினான். நடந்ததைக் கேளுங்கோ. ஹெட்ஃபோனில் ம்ம்ம் இன்னும் கூடிவிட்டது. அளக்க வந்ததே சத்தத்தைக் கூட்டுது! மானிடவியல் வகுப்பில் ‘பங்குபற்றி அவதானித்தல்’ பற்றி எழுதின குறிப்பெல்லாம் எங்களுக்கு ஒரு நிமிசத்தில் ஞாபகம் வந்தது. அவன் சிரிக்கவில்லை. “இப்பத்தான் பிடிபட்டிட்டுது” என்றான்.

அவன் விளங்கப்படுத்தினதை எங்கள் பாசையில் சொல்கிறோம். சாதாரண ஓடியோ வயரில் சிக்னலுக்கு இரண்டு கால். ஒன்று நடுக்கம்பி, மற்றது அதைச் சுற்றிப் பின்னியிருக்கிற கவசம். போனது நடுக்கம்பியால் என்றால் திரும்பி வருவது கவசத்தால். மிக்சரின் பெட்டி மூன்று கால் பிளக்கால் ஏர்த்தோடு தொடுப்பு. லப்டொப்பின் சார்ஜரும் மூன்று கால்; அதால் லப்டொப்பும் ஏர்த்தோடு தொடுப்பு. மிக்சர் இந்தச் சுவரில், லப்டொப் எதிர்ச் சுவரில். இரண்டு ஏர்த்தும் ஒன்றுதானே, எல்லாம் ஒரே மண்ணுக்குத்தானே போகுது என்று தோன்றும். ஆனால் மண்ணுக்குப் போகிற வழி வேறு வேறு. அந்த வயர்களுக்கும் தடை உண்டு. சார்ஜர், கொம்பியூட்டர் என்று எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிற வடிகட்டிக் கொள்ளளவிகள் எந்த நேரமும் கொஞ்சக் கரண்டை ஏர்த்துக்குள் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். தடை உள்ள வயரில் கரண்ட் ஓடினால் இரண்டு முனைக்கும் இடையில் அழுத்த வித்தியாசம் வரும். ஆக, இந்தச் சுவரின் ஏர்த்துக்கும் அந்தச் சுவரின் ஏர்த்துக்கும் நடுவில் சில மில்லிவோல்ற். இரண்டையும் இணைக்கிற பாலமாக எங்கள் ஓடியோ வயரின் கவசத்தைப் போட்டிருக்கிறோம். சுவர், மிக்சர், கவசம், லப்டொப், எதிர்ச் சுவர், திரும்ப முதல் சுவர். ஒரு வளையம். வளையத்தில் கரண்ட் சுற்றுது. சிக்னல் திரும்பி வருகிற காலும் அதே கவசம் என்பதால், சுற்றுகிற கரண்டும் பாட்டுக்குள் பாட்டாகப் போய் உட்காருது. அறைக்குள் இருக்கிற ட்ரான்ஸ்ஃபோமர்களின் காந்தப்புலமும் வளையத்துக்குள் புகுந்து தன் பங்கைத் தூண்டும். வளையம் எவ்வளவு அகலமோ அவ்வளவு கூட.

மில்லிவோல்ற் என்றால் என்ன பெரிசா என்று கேட்டோம். டெக்கிலிருந்து வருகிற சிக்னலே ஏறத்தாழ 0.3 வோல்ற்தான். அதில் 3 மில்லிவோல்ற் ஹம் என்றால் நூறில் ஒரு பங்கு. சினிமாப் பாட்டில் தெரியாது. ஆச்சி ஒரு அடி முடித்து மூச்செடுக்கிற இடத்தில் நல்லாத் தெரியும்.

ஸ்கோப்பைக் கொழுவினதும் சத்தம் கூடினது ஏன் என்பது இப்ப வெளிச்சம். ஸ்கோப்பும் மூன்று கால். அதன் கம்பியில் தொங்குகிற முதலைவாய்க் கிளிப் நேரே ஏர்த்தோடு தொடுப்பு. கிளிப்பைக் கடிக்கவைத்ததும் மூன்றாவது ஏர்த், இன்னொரு வளையம். இந்தக் கிளிப் பற்றி அவன் கனக்கச் சொன்னான், ஏனென்றால் அவன்ர வகுப்பில் இதில்தான் பொறி பறக்கிறதாம். அது ஏதோ “மைனஸ்” முனை என்று நினைத்துக் கண்ட இடத்தில் கடிக்கவைத்தால், அந்த இடத்தை நேரே ஏர்த்தோடு சோட் பண்ணுவதுதான் நடக்கும். அதிலிருந்து தப்ப ஸ்கோப்பின் ஏர்த்தை வெட்டுகிற ஆக்களும் இருக்கினம். அப்ப கிளிப் தொடுகிற வோல்ற் எதுவோ அதுவே ஸ்கோப்பின் உடம்பிலும். கலியாண வீட்டு அண்ணையின் வைத்தியமேதான், கொஞ்சம் படிச்ச ஆக்களின் கையால்.

அவன் செய்த விதம் வேறு. இரண்டு கம்பி எடுத்தான். கிளிப் இரண்டையும் ஒன்றோடு ஒன்று கொழுவித் தனியே விட்டான், சுற்றில் எங்கேயும் தொடவில்லை. ஒரு நுனி சிக்னலில், மற்ற நுனி கவசத்தில். திரையில் இரண்டையும் கழிக்கச் சொன்னான். இரண்டு நுனிக்கும் பொதுவாக ஏறுகிற இரைச்சல் கழிந்துபோக, வித்தியாசம் மட்டும் மிஞ்சியது. மேடை மைக்குகளின் மூன்று முள் வயரும் இதே தந்திரம்தானாம். குரலை ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்பி, போய்ச் சேருகிற இடத்தில் கழிப்பது. இரண்டிலும் ஒரேமாதிரி ஏறின இரைச்சல் அழியும். குரல் இரட்டிக்கும்.

அதற்கு முன்னம் அவன் செய்த ஒரு சின்ன வேலை எங்களுக்கு இன்னும் பிடித்தது. ஒரு கம்பியின் நுனியையும் அதன் கிளிப்பையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டையும் மிக்சரின் ஏர்த் உள்ள ஒரே புள்ளியில் வைத்தான். ஒன்றையும் அளக்கவில்லை. ஒரே புள்ளிக்கும் அதே புள்ளிக்கும் இடையில் என்ன வித்தியாசம் இருக்கப்போகுது, திரையில் நேர்கோடு அல்லவா வர வேணும்? வரவில்லை, மெல்லிய நடுக்கம் ஒன்று தெரிந்தது. “இது மிக்சர்ர சத்தம் இல்லை. நான் அளக்கிற விதத்தின்ர சத்தம். முதல்ல இது எவ்வளவு எண்டு தெரிஞ்சாத்தான் மற்றதைப் பற்றிக் கதைக்கலாம்.” கிளிப்பின் வயர் நீளமாகத் தொங்கினால் அதுவே ஒரு வளையமாகி அக்கம்பக்கத்துச் சத்தத்தை வாங்குமாம். வேகமான சிக்னல்களை அளக்கும்போது அந்த வயரைக் கழற்றிவிட்டு, நுனிக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னச் சுருள் கம்பியைப் போடுவார்களாம். எங்கள் 50 ஹேர்ட்ஸுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

சரி, வளையத்தை எப்படி உடைப்பது? ஏர்த்தை வெட்டாமல்.

முதலில் மிக்சரையும் லப்டொப்பையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டுப் பார்க்கச் சொன்னான். ஏர்த் புள்ளி ஒன்றானால் இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் வர இடம் குறைவு, வளையமும் சின்னன். பக்கத்து அறையிலிருந்து ஒரு மல்டி பிளக் வந்தது. போட்டதும் ம்ம்ம் அப்படியே போய்விட்டது! நாங்கள் கை தட்ட, அவன் முகம் சுருங்கினது. “இவ்வளவு சுத்தமாப் போகாதே” என்று சொல்லி, சுவரிலிருந்து கழற்றி, ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தான். வெளியே மூன்று ஓட்டை. உள்ளே வந்த வயரில் இரண்டு கம்பிதான். ஏர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, வெறும் அலங்காரம். நாங்கள் வெட்ட மாட்டோம் என்று சொன்ன ஏர்த்தைத் தொழிற்சாலையிலேயே வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். கடைகளில் இந்தமாதிரி எத்தினை விற்குதோ. அன்றிரவு வீட்டில் இருந்த மல்டி பிளக் ஒன்றைக் கழற்றிப் பார்க்காத ஆள் எங்களில் இல்லை.

மூன்று கம்பி உள்ள ஒன்றை வாங்கிப் போட்டோம். ம்ம்ம் நல்லாகக் குறைந்தது, முற்றாகப் போகவில்லை. சிக்னல் வயரையும் பவர் வயரையும் ஒன்றாகச் சுற்றி வைக்காமல் பிரித்தோம், குறுக்கே போகவேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிட்டோம். ஃபான் ரெகுலேற்றரை நிறுத்தினோம், போன்களை வெளியே அனுப்பினோம். பட்டன் போன் ஒன்று பக்கத்தில் இருந்தால் கோல் வருவதற்கு முன்னமே “டிட் டிடிட்” என்று ஸ்பீக்கரில் கேட்குமே, அந்தக் கூத்து வேறு. சங்கீதக்காரி ஹெட்ஃபோனைக் கழற்றாமல், “இன்னும் இருக்கு” என்றாள். அந்த “ர்ர்ர்”ரும் போகவில்லை; அது சார்ஜருக்குள் இருந்து வருவது.

டவுனில் வாகன ஓடியோக் கடையில் ஒரு கொத்துரொட்டிக் காசுக்கு ஒரு சின்னப் பெட்டி கிடைத்தது. உள்ளே இரண்டு குட்டி ட்ரான்ஸ்ஃபோமர். வயரின் நடுவில் போட்டால் பாட்டு காந்தத்தால் தாண்டிப் போகும். கம்பித் தொடுப்பு அறுந்துவிடுவதால் ஏர்த்தின் கரண்டுக்குச் சுற்ற வழி இல்லை. இதுதான் சவுண்ட் அண்ணைமார் வைத்திருக்க வேண்டிய சாமான். அடுத்த முறை கண்டபோது அந்த அண்ணைக்குக் காட்டினோம், வாங்கிப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். ஆனால் விலை குறைந்த பெட்டி அடிச்சுருதிச் சத்தங்களை விழுங்கும். எங்களுக்கு அது வேண்டாம் என்று பட்டது.

கடைசியில் செய்தது ஆகச் சின்ன விசயம். மிக்சரைத் தூக்கிவிட்டோம்; அந்த வேலைக்கு அது தேவையே இல்லை. டெக் இரட்டைக் காப்பு உள்ள இரண்டு கால் சாமான். பின்னால் சதுரத்துக்குள் சதுரம் குறி போட்டிருக்கும் பாருங்கோ, அதுகள் ஏர்த் இல்லாமலே பாதுகாப்பாக இருக்கச் செய்த சாமான்கள். அதிலிருந்து நேரே சவுண்ட் காட். லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றி, பற்றரியில் விட்டோம். வளையம் என்று ஒன்றே இல்லை. ஹெட்ஃபோனில் ரேப் ஓடுகிற மெல்லிய “ஸ்ஸ்” மட்டும். அம்மப்பா பதிந்தது பற்றரியில், நாங்கள் திரும்ப எடுக்கிறதும் பற்றரியில் என்று ஒருத்தி சொன்னாள்.

எங்கள் லப்டொப்பின் பற்றரி 50 நிமிசம்தான் தாங்கும். சி-60 கசற்றில் ஒரு பக்கம் 30 நிமிசம், சி-90 என்றால் 45. ஒரு பக்கம் ஓட்டி, சேமித்து, சார்ஜ் ஏறும்வரைக்கும் கன்ரீனில் இருந்து, திரும்ப வந்து மற்றப் பக்கம். ஒரு நாளைக்கு இரண்டு கசற். சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு முதல் கசற்றைப் போட்ட அன்று அவளின் அம்மாவும் வந்திருந்தா. பாட்டுத் தொடங்குவதற்கு முன்னம், தூரத்தில் இருந்து ஒரு ஆம்பிளைக் குரல், “பிள்ளை, அந்தக் கதவைச் சாத்து” என்று சொல்லுது. அவ்வளவு மெதுவான குரல். ஹம்மோடு பதிந்திருந்தால் அது இருந்ததே தெரிந்திருக்காது. அம்மா ஒன்றும் கதைக்கவில்லை. அந்தப் பிள்ளை அவதான்.

ஏழாவது கசற் எங்களைக் கொஞ்சம் குழப்பினது. போட்டதும் ம்ம்ம். மிக்சரும் இல்லை, சார்ஜரும் இல்லை, எங்கால வருது? டெக்கை நிறுத்தினோம், அதுவும் நின்றது. அப்ப இது ரேப்புக்குள்ளேயே இருக்கு. ஓடாசிற்றியில் மீடிறன் வரைபடத்தைப் போட்டுப் பார்த்தோம். எங்கள் சுவரின் ஹம் சரியாக 50இல் குத்தி நின்றது முன்னம். இது 50இல் இல்லை, கொஞ்சம் மேலே நின்றது, ஒரே இடத்தில் நிற்கவும் இல்லை. சில இடங்களில் விழுந்து, மெல்ல ஏறியது. தூரத்தில் ஒரு எஞ்சின் இரைச்சலும் கேட்கிறது. எஞ்சின் இளைக்கிற இடத்தில்தான் ஹம்மும் விழுகிறது. பாடுகிறவளின் குரல் அந்த இடத்தில் அசையவில்லை, அதனால் ரேப்பின் வேகம் மாறினதும் இல்லை. ஆரோ ஜெனரேற்றர் போட்டிருக்கிறார்கள். அந்தச் செத்தவீட்டில் லைற் எரிந்திருக்கு, ரெக்கோடரையும் அதில்தான் கொழுவியிருக்கினம். கசற்றின் மேல் வருசம் எழுதவில்லை. “மாமியின் அழுகை” என்று மட்டும் அம்மப்பாவின் கையெழுத்து.

லண்டன் பொலிஸ் ஆய்வுகூடத்தில் நாட்டின் மின்சார ஹம்மை இரவு பகலாகப் பதிந்து வைத்து, ஒலிப்பதிவுகளின் நேரத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். எங்களுக்கு ஒப்பிட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஜெனரேற்றர் போட மண்ணெண்ணெய் இருந்த வீடு ஊரில் எத்தினை இருந்திருக்கும்? அம்மாவிடம் கேட்டோம். இரண்டு வீடு சொன்னா. அதில் ஒரு வீட்டில் நடந்த சாவு எது என்பதை விசாரிக்க அடுத்த கிழமை ஊருக்குப் போகிறோம்.

அந்த ம்ம்ம்மை நாங்கள் எடுக்கவில்லை. ஃபைலோடு ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்தோம்: “இரைச்சல் மூலப்பதிவில் உள்ளது. ஜெனரேற்றராக இருக்கலாம்.” இன்னும் நாலு கசற் மிச்சம். அதில் ஒன்றுதான் அந்த ஒட்டுகிற கசற். அதை எப்படி ஓட்டுவது என்று இன்னும் ஒருவருக்கும் தெரியாது.